பெரிய பை வைத்திருந்தவள்

வியாழக்கிழமை மத்தியானம் நிஸ்வாவிலிருந்து மஸ்கட்டுக்குப் போகிற பஸ்ஸில் இடம் கிடைப்பது எப்போதுமே கொஞ்சம் பாடுதான். மறுநாள் வெள்ளி, அதற்கடுத்த நாள் சனி, இரண்டும் விடுமுறை. சைட்டில் வேலை செய்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், தலைநகரத்தில் அண்ணன் தம்பி ரூம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் கிளம்புவார்கள். அந்த வியாழன் பார்த்து முந்தைய பஸ் வராமல் போய்விட்டது. ஆக, இரண்டு பஸ் ஜனம் ஒரே பஸ்ஸில் ஏறியது.

ஏறியது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒருவர் சுருட்டிய மெத்தையோடு வந்தார். லீவில் ஊருக்குப் போகிற ஒருவர், கயிறு போட்டுக் கட்டிய டிவிப் பெட்டியை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். வங்காளத்துக்காரர் ஒருவர் கூண்டில் நான்கு புறா கொண்டுவந்தார். காய்ந்த எலுமிச்சை மூட்டை ஒன்று படியிலேயே பிரிந்து, கறுத்த எலுமிச்சைகள் சீட்டுக்கு அடியிலெல்லாம் உருண்டன. ஓட்டுநர் நரைத்த தாடி வைத்த ஓமானி. "கலாஸ்! கலாஸ்!" என்று கத்தினார். போதும், இனி யாரும் ஏறக் கூடாது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பதினொரு பேர் ஏறினார்கள்.

பன்னிரண்டாவதாக ஏறியவள் உமாராணி.

தாராபுரத்துப் பெண். வயது முப்பத்தொன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் ஊரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவள். முதுகில் அவள் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு பை. பையின் மேல் சுருட்டிய கூடாரம், பக்கத்தில் தொங்கும் ஒரு அலுமினியக் கிண்ணம். பத்து நாளாக மலையிலும், வாதி என்று அங்கே சொல்கிற ஆற்றுப் பள்ளங்களிலும் நடந்து முகம் கருத்திருந்தது. போன திங்கட்கிழமை ஒரு பாறையில் வழுக்கி விழுந்ததில் முழங்கையில் நீளமாக ஒரு சிராய்ப்பு. தலை வாரி இரண்டு நாள் ஆகியிருக்கும்.

ஓட்டுநர் அவளைப் பார்த்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆளை விரலால் எழுப்பிவிட்டார். அந்த ஊர்ப் பஸ்ஸில் முன் இருக்கைகள் பெண்களுக்கு. ஜன்னலோரத்தில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். உடம்பை மூடிய கறுப்பு அபாயா, கண் மட்டும் தெரியும்படி முகத்திரை. உமாராணி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

இதை இப்போதே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைக்க எனக்கு மனசு வராது. அந்த அபாயாவுக்குள் இருந்தவள் ஓமானிப் பெண் இல்லை. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு ஊரைச் சேர்ந்த வீரம்மாள்.

நிஸ்வாவில் ஒரு வீட்டில் வேலைக்கு வந்தவள். இரண்டு வருஷ ஒப்பந்தம். இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது. அந்த வீட்டில் அவளை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. போக விடவில்லை, அவ்வளவுதான். நோன்பு முடியட்டும் என்றார்கள். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார்கள். வேறு ஆள் கிடைக்கட்டும் என்றார்கள். பாஸ்போர்ட் அவர்கள் அலமாரியில் இருந்தது. ஊரில் அவள் மகள் வயதுக்கு வந்து, சடங்கு முடிந்து, பிளஸ் டூவும் எழுதிவிட்டாள். எல்லாவற்றையும் போனில் பார்த்தாள்.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் விருந்துக்குப் போயிருந்தார்கள். குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தவள், அதைத் தொட்டியில் போட்டாள், திரும்பிப் போகவில்லை. எஜமானியம்மா கழித்துப் போட்ட அபாயாவை மாட்டியிருந்தாள். பஸ்ஸுக்கான காசு தவிர கையில் வேறு ஒன்றுமே இல்லை. மஸ்கட்டில் இந்திய எம்பஸி இருக்கிறது, உள்ளே போய்விட்டால் ஊருக்கு அனுப்பிவைப்பார்கள் என்று மட்டும் தெரியும். எங்கே இறங்க வேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்கும், எதுவும் தெரியாது. யாரையாவது கேட்கலாம் என்றால் அதற்கும் பயம். போன வருஷம் மளிகை கொண்டுவந்த தமிழ் ஆள் ஒருவனிடம் வாய்விட்டுச் சொல்லி அழுதாள். அவன் பயந்துபோய் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தமிழ்க் குரல் கேட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது அவள் முதுகுக்குப் பின்னாலேயே இரண்டு தமிழ்க் குரல்.

ஒருவர் சாதிக் பாட்ஷா. கீழக்கரைக்காரர், அறுபது வயதிருக்கும், மஸ்கட்டில் துணிக்கடை. நிஸ்வாவில் சரக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். அவர் பக்கத்தில் வீரபாண்டி. கமுதிப் பக்கம். கட்டட வேலை. பஸ் நகர்ந்ததும் ஒரு குலுக்கலில் உமாராணியின் கிண்ணம் கணீரென்று அடித்தது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

உமாராணி திரும்பி, "ஏனுங்ணா, இது மஸ்கட்டுல முத்ரா வரைக்கும் போகுமுங்களா?" என்று கேட்டாள்.

"போகும்மா, போகும். நீ பயப்படாம உக்காரு" என்றான் வீரபாண்டி. அவள் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினான் என்று அவன்தான் நினைத்துக்கொண்டான். "பாய், பாத்தியளா?"

"பாத்தேன்."

"முழங்கையப் பாத்தியளா?"

"பாத்தேன்பா. மொகமும் வாடிக் கெடக்கு. ஒண்ணும் பேசாத."

"எந்த வீட்டுலேருந்து வருதோ, பாவம். ஆனா பாய், வீட்ட விட்டு ஓடியார புள்ள இம்புட்டுப் பெரிய பையத் தூக்கிக்கிட்டா வரும்?"

"மூணு நாலு வருஷத்துச் சாமான் இருக்காதா? நீ லீவுக்குப் போறப்ப எத்தன கிலோ கட்டுறே?"

வீரபாண்டிக்கு அது சரியாகப் பட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் நம் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. வீட்டை விட்டு வெளியேறி வந்த பெண் என்று தெரிந்தால் அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெயர், ஊர், விசா கொடுத்து வரவழைத்த கஃபீல் யார், எதுவும். அப்படி வந்தவளுக்கு உதவினால் உதவினவனுக்கும் கேடு. கேட்டுத் தெரிந்துகொண்டால் நாளைக்கு யாராவது விசாரிக்கும்போது பொய் சொல்ல வேண்டிவரும். கேட்காமல் இருந்தால் 'தெரியாது' என்பது சத்தியமான வார்த்தை. அதனால் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லாமல் காற்றிடம் சொல்வார்கள். அவள் காதில் விழுந்தால் விழட்டும்.

சாதிக் பாட்ஷா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"வீரபாண்டி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒருத்தர் எம்பஸிக்குப் போகணும்னா எங்கப்பா எறங்கணும்?"

"அல்குவைர்ல எறங்கணும் பாய்."

"அல்குவைர் எப்படித் தெரியும் புதுசா வர்றவங்களுக்கு?"

"ஏர்போர்ட்டு தாண்டி, பெரிய பள்ளிவாசல் தாண்டி, அதுக்கப்புறம்னு டிரைவர்ட்டச் சொன்னாப் போதும் பாய். எறங்கிக் கடல் பக்கமா நடக்கணும். கொடி தெரியும்."

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஆள் இருக்க மாட்டாங்களே. நாளைக்கும் நாளாண்டைக்கும் லீவாச்சே."

"ஆமா பாய். அதுக்குள்ள போயிரணும்."

உமாராணி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நல்ல பேச்சுக்காரர்கள், ஆனால் எதற்கு இப்படிக் கத்திப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் வீரம்மாள் அபாயாவுக்குள் விரல் மடக்கினாள். ஏர்போர்ட்டு, பெரிய பள்ளிவாசல், அல்குவைர், கடல் பக்கம், கொடி. ஐந்து விரலும் முடிந்தது. நாலு மணி என்பதை மடக்க இன்னொரு கை தேவைப்பட்டது.

பிறகு வந்த ஒரு மணி நேரம் உமாராணிக்கு விருந்துதான். சாதிக் பாட்ஷா காகிதத்தில் சுற்றிய சமோசா கொடுத்தார், மோர் பாட்டில் கொடுத்தார். அதைக் கொடுக்கக் கை நீட்டும்போது வீரம்மாளின் தோளில் இடித்துவிட்டது. உடனே அரபியில் இரண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். வீரம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. சமோசா வாசனை முகத்திரைக்குள் வந்து நின்றது.

வீரபாண்டி தன் துண்டை எடுத்து நீட்டினான். "வெயிலும்மா. தலையில முக்காடு போட்டுக்க. வெளிய கார்ல போறவன் வர்றவன் பாப்பான்."

"பாத்தா என்னங்ணா?"

வீரபாண்டி சாதிக் பாட்ஷாவைப் பார்த்தான். 'எவ்வளவு தைரியமான பெண்' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். உமாராணி துண்டை வாங்கிக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸுங்ணா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

சமாயில் ஊரைத் தாண்டி பஸ் ஒரு ஏற்றத்தில் முனகியது. ஏசி முதலில் நின்றது. பிறகு முன்பக்கத்திலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. ஓட்டுநர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, கையை விரித்தார். மணி இரண்டே முக்கால்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. எல்லோரும் ஒரே கதவு வழியாக இறங்கப் பார்த்தார்கள். மெத்தை கதவில் சிக்கிக்கொண்டது. டிவிக்காரர், "டிவி! டிவி!" என்று அலறினார். கூண்டுக் கதவு திறந்துகொண்டு ஒரு புறா பஸ்ஸுக்குள் பறந்து, லக்கேஜ் தட்டில் போய் உட்கார்ந்தது. அதை ஆறு பேர் ஆறு பாஷையில் கூப்பிட்டார்கள். ஓட்டுநர், வேறு பஸ் வருகிறது, அரைமணி என்றார். அந்த ஊரில் பத்து வருஷம் இருந்தவர்கள் அதைக் கேட்டதும் நேராகப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கை ஒட்டியிருந்த டீக்கடைக்கு நடந்தார்கள்.

வீரம்மாள் கடைச் சுவரின் நிழலில் தனியாக நின்றாள். மலை மேல் வெயில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி ஆயிற்று. விருந்து முடிந்து வீட்டுக்காரர்கள் திரும்பியிருப்பார்கள். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு சமையலறை, பிறகு மாடி. நாலு மணிக்குள் போகாவிட்டால் இன்றைக்கு ராத்திரி, நாளை, நாளை மறுநாள் அவள் எங்கே இருப்பாள்?

வீரபாண்டி போனை எடுத்தான். அவனுடைய கூட்டாளி பாலகுரு, பக்கத்தில் ஃபஞ்சாவில் ஒரு கம்பெனி பிக்கப் ஓட்டுகிறவன். வீரபாண்டி என்ன சொன்னானோ, பதினைந்து நிமிஷத்தில் வெள்ளைப் பிக்கப் வந்து நின்றது. பாலகுரு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு, என்னன்னு எங்கிட்டச் சொல்லாத. மஸ்கட் டிப்போவுக்கு சாமான் எடுக்கப் போறேன், வழியில எறக்கிவிட்டுருவேன். எம்பஸி வாசல்ல நிக்க மாட்டேன், ஒரு தெரு தள்ளித்தான்."

"அது போதும்டா."

வீரபாண்டி ஓடிப்போய் உமாராணியின் பையைத் தூக்கினான். அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, எங் பைங்ணா அது!"

"தெரியும்மா. வா, வண்டி வந்துருச்சு. அரைமணி நேரத்துல எம்பஸி."

"எம்பஸிக்கு எதுக்குங்ணா?"

"சரிம்மா, எம்பஸி இல்ல. நீ சொல்றபடியே வச்சுக்குவோம். ஏறு."

"நான் முத்ராவுல ஹாஸ்டல் புக் பண்ணியிருக்கேனுங்ணா."

"ஹாஸ்டல்தான், ஹாஸ்டல்தான்" என்றார் சாதிக் பாட்ஷா, குரலில் அத்தனை கனிவு. "நாங்க ஒண்ணும் கேக்கல மகளே. நீ ஏறு போதும். உன் பாஸ்போர்ட்டப் பத்தி நீ கவலப்படாத, அதெல்லாம் அவங்களே வாங்கிருவாங்க."

"எம் பாஸ்போர்ட்டுக்கு என்னங்க?" என்று உமாராணி இடுப்புப் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள்.

சாதிக் பாட்ஷா வாங்கிப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு மறுபடி புரட்டினார். தாய்லாந்து, வியட்நாம், துபாய். கடைசியில் போன வாரத்துத் தேதியில் ஓமான் முத்திரை.

"இது டூரிஸ்ட்டு" என்றார்.

வீரபாண்டி பையைக் கீழே வைத்தான். "சுத்திப் பாக்க வந்த புள்ளையா நீ?"

"ஆமாங்ணா."

"தனியாவா?"

"ஆமாங்ணா."

"அந்த முழங்கை?"

"பாறையில வழுக்கிட்டேனுங்ணா."

"யாருமே உன்னய வேலைக்குக் கூட்டியாரலையா? நீயா காசு குடுத்து, நீயாவே இந்தப் பஸ்ஸுல வந்து ஏறுனியா?"

"ஆமாங்ணா!"

"இது என்னடா கூத்து!" என்று வீரபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். டீக்கடையில் இருந்தவர்களுக்கு யாரோ ஹிந்தியில் விளக்கிச் சொல்ல, பெரிய சிரிப்பு எழுந்தது. "சமோசாவத் திருப்பிக் கேளுங்க பாய்!" என்று டிவிக்காரர் கத்தினார். சாதிக் பாட்ஷாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உமாராணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு காற்றிடம் சொன்ன பேச்சு, துண்டு, சமோசா எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியது.

பாலகுருவுக்குக் கோபம். "ஏண்டா, வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். போர்மேன் பாத்தா எஞ்சீட்டு கிழிஞ்சிரும். உனக்கு வேற வேல இல்ல?" கண்ணாடியை ஏற்றினான். வண்டியைக் கிளப்பினான்.

மணி மூன்று இருபது.

சுவர் நிழலில் நின்றவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி தனக்காக வந்தது போலவும் இருந்தது, தனக்கு இல்லை என்று போவது போலவும் இருந்தது. வாயைத் திறந்தால் இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இதில் ஒருவன் அந்த மளிகைக்காரன் மாதிரி இருந்தால் போதும், எல்லாம் முடிந்தது. ஆனால் யாரென்றே தெரியாத ஒருத்திக்காக இவர்கள் பட்ட பாட்டையும் இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதானே வந்தாள்.

வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பியது. வீரம்மாள் நிழலை விட்டு வெயிலில் இறங்கி, அதன் முன்னால் வந்து நின்றாள். முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டாள்.

"தம்பி, அந்த வண்டியில நான் வர்றேன்."

சாதிக் பாட்ஷாவின் கையிலிருந்த டீக்குவளை சாய்ந்து, சட்டையில் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"யா அல்லாஹ்" என்றார். "உங்கிட்டயாம்மா நான் அரபியில மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்?"

"நல்லாத்தாங்க அரபி பேசுனீக" என்றாள் வீரம்மாள். குரல் நடுங்கியது. "ஏர்போர்ட்டு, பெரிய பள்ளிவாசல், அல்குவைர், கடல் பக்கம், கொடி. எல்லாம் மனசுல வச்சிருக்கேன்."

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டிவிக்காரர் வாயைத் திறக்கப் போனார், வீரபாண்டி அவரை ஒரு பார்வை பார்த்தான். பாலகுரு எஞ்சினை நிறுத்தாமல் எட்டிக் கதவைத் திறந்துவிட்டான். வீரம்மாள் உள்ளே பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தயங்கினாள். முன்பின் தெரியாத ஆள், தனி வண்டி.

"நகருங்கக்கா" என்றாள் உமாராணி. "நானும் வர்றேன். எனக்கும் அந்தப் பக்கந்தானே போகணும்."

பெரிய பையை வீரபாண்டி பின்னால் தூக்கிப் போட்டான். சாதிக் பாட்ஷா ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். இந்தத் தடவை யாருடைய தோளிலும் இடிக்கவில்லை.

வழியெல்லாம் யாரும் அதிகம் பேசவில்லை. வீரம்மாள் சமோசாவைப் பாதி சாப்பிட்டாள், மீதியைக் கையிலேயே வைத்திருந்தாள். ஏர்போர்ட் வந்தபோது ஒரு விரலை மடக்கினாள். பெரிய பள்ளிவாசல் வந்தபோது இன்னொன்று. ஓரிடத்தில் கார்கள் தேங்கி நின்றன. பாலகுரு ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே, "யல்லா, யல்லா" என்றான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன ஆள், அவளைவிட அதிகமாகக் கடிகாரத்தைப் பார்த்தான்.

சொன்னபடி ஒரு தெரு தள்ளி இறக்கிவிட்டான், உமாராணியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். உமாராணி பையை முதுகில் ஏற்றினாள். இருவரும் வேகமாக நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். கிண்ணம் ஒவ்வோர் அடிக்கும் அடித்துக்கொண்டே வந்தது. கொடி தெரிந்தது.

வாசலில் காவலாள், நேரம் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். உமாராணி மூச்சு வாங்கிக்கொண்டே அரைகுறை ஹிந்தியில் என்னென்னவோ சொன்னாள். தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய ஓர் அம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றார். வீரம்மாளின் அபாயாவைப் பார்த்தார், வெறும் கையைப் பார்த்தார், காலில் இருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"உள்ளே வாங்க" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு தாள். வீரம்மாள் பெயரும் ஊரும் சொன்னாள். வீட்டுக்காரர் பெயரும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் நேரானது. ஊருக்குப் போகச் சில வாரம் ஆகலாம், பாஸ்போர்ட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்று ராத்திரி தங்க இடம் இருக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னார்.

"கதவப் பூட்டுவீகளா?" என்று வீரம்மாள் கேட்டாள்.

"ஆமாம்மா, பாதுகாப்புக்குப் பூட்டுவோம். உங்களுக்கு வேண்டாம்னா—"

"இல்ல, பூட்டுங்க" என்றாள். "இங்க பூட்டுனாத் தூக்கம் வரும்."

உமாராணி தன் போனைக் கொடுத்தாள். அறந்தாங்கிக்கு மணி அடித்தது. மகள் எடுத்ததும் வீரம்மாள், "வெளிய வந்துட்டேன் பாப்பா" என்றாள். அந்தப் பக்கமிருந்து மகள்தான் பேசினாள். உமாராணி வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தி வெயில் மெத்தென்று இருந்தது. அந்த அம்மாள் போனைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. பாலகுருவிடம் நம்பர் வாங்கியிருக்கிறான் போல, வீரபாண்டி.

"தங்கச்சி, அந்தக்கா போயிச் சேந்தாகளா?"

"சேந்துட்டாங்கங்ணா. உள்ள இருக்காங்க."

"சேந்தாச்சு பாய்!" என்று அந்தப் பக்கம் அவன் கத்துவது கேட்டது. சத்தம், கைதட்டல், யாரோ விசில். உமாராணி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"நீங்க எங்கங்ணா இருக்கீங்க?"

"எங்க இருப்போம்? அதே எடத்துலதான். பஸ் வரல. பொறா மட்டும் எறங்கிருச்சு."

பின்னால் ஓட்டுநரின் குரல் கேட்டது. அரபியில் ஏதோ கேட்டார். சாதிக் பாட்ஷா பதில் சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஓட்டுநர், நிதானமாக. பிறகு அந்த ஓடாத பஸ்ஸின் ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்தார்.